ஏன் என்ற கட்டம்

மொழிபெயர்ப்புக்கான மாலை வகுப்பில் சேர்ந்த முதல் நாளே ஆசிரியை எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். தினமும் உங்களை நிறுத்திய ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். அதை எப்படி மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். ஏன் மாற்றினீர்கள் என்றும் எழுதுங்கள். இருபத்திரண்டு பேரும் தலையாட்டினோம். ஒரு மாதம் கழித்து எழுதிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். எனக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. அது நல்ல குணமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் அடிக்கோலால் மூன்றாகப் பிரித்தேன். முதலில் எண்ணும் தேதியும், நடுவில் வாக்கியம், வலது ஓரத்தில் ஏன். அந்த வலது ஓரம்தான் எப்போதும் தகராறு. ஒரு வாக்கியம் சரியில்லை என்று எனக்குப் படும். ஏன் சரியில்லை என்று சொல்ல வராது. அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவுக்கு அது வந்தது. அவரைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். "அக்கா சொன்னார்:" என்று தொடங்கி, அவர் சொன்னது சொன்னபடி.

அதனால்தான் எனக்கு அங்கே நோட்டு என்று பெயர்.

எங்கள் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. மருத்துவமனைகள், பள்ளிக்கூடங்கள், காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் மக்களுக்கு அனுப்புகிற கடிதங்கள் எங்களிடம் வரும், தமிழாகித் திரும்பிப் போகும். ஒரு காலத்தில் பதினான்கு பேர் இருந்தார்களாம். நான் சேர்ந்தபோது ஆறு பேர். மற்ற எட்டு மேசைகளிலும் கணினியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், வயர்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. துப்புரவுப் பணியாள் அம்மா அந்த மேசைகளையும் தினமும் துடைப்பார்.

மொழிபெயர்ப்பை எந்திரம் செய்துவிடும். எங்கள் வேலை படித்துப் பார்ப்பது. சரியாக இருந்தால் பச்சைக் குறியை அழுத்த வேண்டும். இல்லையென்றால் திருத்திவிட்டு அழுத்த வேண்டும். எந்திரத்துக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது சட்டம். வாடகை ஒப்பந்தமும் நீதிமன்ற அறிவிப்பும் பார்க்கிற ஐம்பது வயதுக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர்தான் சட்டம்.

"வீட்டோட மாப்பிள்ளை மாதிரிப்பா இது. நாம ஆக்கிப் போடணும். அவர் உட்கார்ந்து சாப்பிடுவார். குறை சொல்லக் கூடாது. கடைசில வீடு அவர் பேருக்குப் போயிடும்."

"வீடு போனா போகட்டும். வாசல்ல நிக்கவாவது விடுவாரா, அதக் கேளுங்க," என்பார் அக்கா.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த நாற்காலியில் பத்தொன்பது வருடம். முதுகில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து அவர் கணவர் வேலைக்குப் போவதில்லை. அந்த வீடு நடந்தது இந்த வேலையில்தான். இதை அவர் ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது.

அக்கா ஒரு கடிதத்தைப் பார்க்கிற விதம் எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. தாழ்ந்த குரலில், எழுத்துக் கூட்டுவது போல, திக்கித் திக்கிப் படிப்பார். வேகமாகப் படிக்கத் தெரியாத பத்து வயதுப் பிள்ளை படிக்கிற மாதிரி. ஏதாவது ஓரிடத்தில் குரல் நின்றால் அந்த இடத்தில் திருத்துவார்.

"ஏன்க்கா இப்படிப் படிக்கறீங்க?"

"இந்தக் கடிதம் எந்த வீட்டுக்குப் போகுதுன்னு நினைக்கற? கண்ணாடிய எங்கயோ வச்சிட்டுத் தேடுறவங்க வீட்டுக்கு. படிக்கத் தெரியாதவங்க வீட்டுக்கு. பயந்துபோய் கவரையே பிரிக்காதவங்க வீட்டுக்கு. கடைசில பிள்ளைகிட்டதான் குடுப்பாங்க, படிடான்னு. அந்தப் பிள்ளை படிக்கற மாதிரி நாம படிச்சுப் பார்க்கணும்ல?"

எண் 17. மருத்துவமனைக் கடிதம். எந்திரம் தந்த முதல் வரி: 'உங்கள் பரிசோதனையில் கட்டி புற்றுநோய் என்று உறுதியாகியுள்ளது.' தப்பே இல்லாத வரி. அக்கா வரிகளை இடம் மாற்றினார். எந்த நாள், எந்த அறை, யாரை அழைத்துக்கொண்டு வரவேண்டும் என்பது முதலில் வந்தது. அடுத்த பத்தியில்தான் கட்டி. வலது ஓரத்தில் எழுதினேன்: அக்கா சொன்னார்: பாரத்த முதல் வரியில வைக்காத. படிக்கற பிள்ளை கீழ போட்டுடும்.

எண் 40. அக்கா சொன்னார்: ரெண்டு கெட்ட செய்திய ஒரே மூச்சுல சொல்லாத. நடுவுல நிறுத்து. கேக்கறவங்க உட்காரட்டும்.

எண் 63. எந்திரம் 'ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று முடித்திருந்தது. அக்கா சொன்னார்: வருத்தத்தோட முடிச்சா, அவங்கதான் நம்மளத் தேத்தணும் போல இருக்கு. கடைசி வரில கையில பிடிச்சுக்க ஏதாவது குடு. ஒரு போன் நம்பர், ஒரு ஆள், ஒரு நேரம்.

இப்படி ஒன்றரை வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு எண்கள் சேர்ந்தன.

அந்த வருடத் தொடக்கத்தில் திரையில் புதிதாக ஒரு கட்டம் வந்தது. எதையாவது திருத்திவிட்டுப் பச்சைக் குறியை அழுத்தினால், 'ஏன்?' என்று அது கேட்கும். ஏதாவது எழுதினால்தான் கட்டம் பச்சையாகும், அடுத்த கடிதம் வரும். மேலாளர் வந்து விளக்கினார். எதைச் சொன்னாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பதால் அவருக்குச் சுருக்கம் என்று பெயர்.

"நீங்க என்ன மாத்தறீங்கன்னு அதுக்கு இப்ப தெரியும். ஏன் மாத்தறீங்கன்னு தெரியல. அது தெரிஞ்சா உங்களுக்குத்தான் வேலை குறையும்."

"குறையுமா, தீருமா?" என்றார் சட்டம்.

"சார், சுருக்கமா."

"சுருக்கமாத்தான் கேட்டேன்."

அவர் போனதும் சட்டம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "மாப்பிள்ளைக்கு இப்ப சமையல் குறிப்பும் வேணுமாம்."

அன்றிலிருந்து அக்கா எல்லாத் திருத்தத்துக்கும் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் எழுதினார். 'சரியில்லை.' ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது 'சரியில்லை'. சுருக்கம் இரண்டு முறை மேசைக்கே வந்து கேட்டார்.

"என்ன சரியில்லைம்மா?"

"காதுக்குச் சரியில்ல சார்."

"காதுக்கு எப்படிச் சரியில்ல?"

"அது காதுக்குத்தான் சார் தெரியும்."

சுருக்கம் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அக்கா என் பக்கம் குனிந்தார். "காரணம் சொல்லாத வரைக்கும்தான் நாற்காலி. புரியுதா நோட்டு?" பிறகு அடுத்த கடிதத்தைத் திக்கித் திக்கிப் படிக்கத் தொடங்கினார். அதில் ஓரிடத்தில் நின்றார். ஏன் என்று நான் கேட்டேன். என்னிடம் சொன்னார். கட்டத்தில் 'சரியில்லை' என்று எழுதினார். நான் நோட்டில் முழுவதையும் எழுதினேன். எண் 288.

நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். துணி உலர்த்துகிற அறையில் ஒரு கட்டில். அண்ணிக்கு என் மாலை வகுப்பு பிடிக்காது என்று சொல்ல முடியாது. அவருக்கு அது விளங்கவில்லை, அவ்வளவுதான். "செத்த பாம்ப அடிக்கறதுக்கு எதுக்கு வகுப்பு?" என்று ஒருநாள் கேட்டார், கோபமில்லாமல், துணி மடித்துக்கொண்டே. நான்காம் வகுப்பு படிக்கிற அண்ணன் மகள் போனில் வீட்டுப்பாடத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை, நீ நாள் முழுக்கப் பண்றத இது ஒரு செகண்ட்ல பண்ணிடுச்சு. நீ ஏன் இவ்வளவு ஸ்லோ?"

"அத்தைய அப்படிச் சொல்லாத," என்றார் அண்ணன். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

வகுப்பில் இருபத்திரண்டு பேர் ஐந்து பேராகியிருந்தோம். அடுத்த வருடம் இந்த வகுப்பு இருக்காது என்று ஆசிரியை மார்ச்சிலேயே சொல்லிவிட்டார். சான்றிதழுக்கு நூறு பதிவுகளைத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். ஒரு நிபந்தனை: காரணங்கள் எங்கள் சொந்தமாக இருக்க வேண்டும். "அவர் சொன்னார், இவர் சொன்னார்னு கொண்டுவராதீங்க. நீங்க என்ன நினைச்சீங்க, அது வேணும்."

நான் நூறு பதிவுகளைத் தேர்ந்தெடுத்தேன். அவற்றில் எண்பத்து மூன்று 'அக்கா சொன்னார்' என்று தொடங்கின. அந்த இரண்டு சொற்களை எண்பத்து மூன்று இடங்களில் எடுத்தேன். பேச்சாக இருந்ததை எழுத்து நடைக்கு மாற்றினேன். 'பாரத்தை முதல் வரியில் வைக்கக் கூடாது, ஏனெனில் வீட்டில் இதைச் சத்தமாகப் படிப்பது ஒரு குழந்தையாக இருக்கலாம்.' எழுதியதைப் படித்தபோது உண்மையாகவே நான் நினைத்தது போலத்தான் இருந்தது. ஒன்றரை வருடம் கேட்டால் யாருக்குமே அப்படித் தோன்றும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பிறகு வழக்கமான சந்தேகம் வந்தது. என் நடை சரியா? பிழை இருக்குமா? யாரிடமாவது காட்ட வேண்டும். அக்காவிடம் காட்ட முடியாது. மதிய இடைவேளையில் எல்லோரும் கீழே போயிருந்தபோது அலுவலகக் கணினியில் மாப்பிள்ளையைத் திறந்தேன். நூறு பதிவுகளையும் உள்ளே போட்டு, 'பிழை திருத்து' என்பதை அழுத்தினேன். ஏழு எழுத்துப் பிழைகளைக் காட்டியது. நன்றி என்றுகூடத் தட்டச்சு செய்தேன். அது எனக்குப் பழக்கம்.

திரையின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். 'இங்கே இடப்படும் உரை அனைத்தும் கருவியை மேம்படுத்தப் பயன்படலாம்.' அந்த வரி எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. முந்தைய வருடம் அதன் தமிழ் என்னிடம்தான் பார்வைக்கு வந்தது. படித்தேன். நன்றாக இருந்தது. பச்சைக் குறியை அழுத்தியதும் நான்தான்.

சான்றிதழில் 'மிகச் சிறப்பு' என்று போட்டிருந்தார்கள்.

ஐந்து வாரம் கழிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மருத்துவமனைக் கடிதம் ஒன்றை அக்கா வழக்கம்போல் திக்கித் திக்கிப் படித்தார். நிற்கவேயில்லை. கடைசி வரி வரை போய்விட்டார். மறுபடி முதலிலிருந்து படித்தார். மறுபடியும் நிற்கவில்லை.

"நோட்டு, இங்க வா. இதப் படி."

படித்தேன். முதல் வரியில் நாளும் அறை எண்ணும் இருந்தன. கெட்ட செய்தி இரண்டாம் பத்தியில் வந்தது. அதற்குப் பிறகு முற்றுப்புள்ளி, ஒரு சின்ன வரி, அதன் பிறகுதான் அடுத்த செய்தி. கடைசியில் ஒரு செவிலியரின் தொலைபேசி எண், அவர் எடுக்கும் நேரம்.

"நல்லா இருக்குக்கா," என்றேன்.

"நல்லா இருக்கா? என் வாயிலேருந்து பிடுங்கி எடுத்த மாதிரி இருக்கு." அக்கா சிரித்தார். உண்மையில் அவருக்குச் சந்தோஷம்தான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "பத்தொன்பது வருஷம் கத்துனதுக்கு மாப்பிள்ளை காது ஒருவழியாத் திறந்துடுச்சு போல."

அடுத்த கடிதமும் அப்படியே வந்தது. அதற்கடுத்ததும். மதியத்துக்குள் அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று அவர் திருத்தியது மொத்தம் நான்கு இடம். வழக்கமாக ஐம்பது இருக்கும். சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு என் மேசையருகே நின்றார்.

"நான் கட்டத்துல ஒண்ணுமே எழுதல. சரியில்லைன்னுதான் எழுதினேன். அதுக்கு எப்படி ஏன்னு தெரிஞ்சது?"

"தெரியலக்கா," என்றேன்.

"உன்கிட்டதானே சொன்னேன்."

"நான் நோட்டுலதான்க்கா எழுதினேன். நோட்டு என்கிட்டதான் இருக்கு."

இரண்டு வாக்கியமும் உண்மை. அவர் பையின் வாரைச் சரிசெய்துகொண்டார். "சரி," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு நோட்டில் எதுவும் எழுதவில்லை. மறுநாள் காலையில் ஒரு நாள் விட்டுப்போனது உறுத்தியது. அந்தத் தேதியை எழுதி, வரியைக் காலியாக விட்டேன்.

இரண்டு வாரம் கழித்துச் சுருக்கம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் திரையில் என் நூறு பதிவுகளும் இருந்தன. என் எண்களோடு.

"இத எங்ககிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதா? எங்க தலைமை அலுவலகத்துல இதத்தான் ஒரு வருஷமாத் தேடறாங்க. நீங்க எழுதின காரணத்த மட்டும் வச்சு மத்த நாலு மொழிக்கும் போட்டுப் பார்த்தாங்க. வேலை செய்யுது."

நான் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சுருக்கமா சொல்றேன். மாசக் கடைசியோட இந்தத் தளம் மூடுது. ஒரு ஆள் மட்டும் தேவைப்படும். திருத்தறதுக்கு இல்ல, காரணம் எழுதறதுக்கு. நாங்க யோசிச்சது உங்கள."

"அக்கா...?" என்றேன்.

"அவங்க பதிவ எடுத்துப் பார்த்தோம். ஆறாயிரம் திருத்தம். ஆறாயிரம் 'சரியில்லை'." கையை விரித்தார். "அத வச்சு நான் என்ன பண்றது? ஏன்னு சொல்லத் தெரிஞ்ச ஆள் வேணும். இந்தக் காரணமெல்லாம் உங்களோடதுதானே?"

கேள்வி அதுதான். ஒரே ஒரு வார்த்தை போதும். 'இல்லை' என்று சொல்லியிருந்தால், பிறகு யாருடையது என்று அவர் கேட்டிருப்பார். நான் சொல்லியிருப்பேன். அந்த ஒரு நாற்காலி யாருக்கு என்று அப்போதே முடிவாகியிருக்கும். அந்த அறையில் ஒரு தண்ணீர் எந்திரம் இருந்தது. அது ஒருமுறை குமிழிட்டு அடங்கியது. வகுப்பில் கொடுத்த சான்றிதழ் என் பையில் இருந்தது. துணி உலர்த்துகிற அறையை நினைத்தேன். அண்ணி கோபமில்லாமல் கேட்டதை நினைத்தேன். இவையெல்லாம் நான் இப்போது அடுக்குகிற காரணங்கள். அன்று என்ன நினைத்தேன் என்று எனக்கு உண்மையாகவே தெரியாது.

"நான் எழுதினதுதான் சார்," என்றேன்.

இதுவும் உண்மை.

அந்த வார வியாழக்கிழமை காலை, என் வரிசையில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் தலைமை அலுவலகம் வேறு ஊரில் இருக்கிறது, அதன் கடிதங்கள் வேறு மொழியில் எழுதப்படும், ஊழியர்களுக்குப் போவதற்கு முன் அவையும் மாப்பிள்ளை வழியாகத்தான் போகும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயர்' என்று மட்டும் இருந்தது. எல்லாக் கடிதங்களிலும் அப்படித்தான் மறைப்பார்கள். அதில் எழுதியிருந்ததை இங்கே முழுவதும் தருகிறேன்.

'உங்களுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் விடுப்பு மீதி இருக்கிறது. அதை நீங்கள் விரும்பியபடி எடுத்துக்கொள்ளலாம்.

இம்மாதக் கடைசி நாள்வரை உங்கள் இடம் உங்களுடையதே. அதன் பிறகு இந்த அலுவலகத்தில் அந்த இடம் இருக்காது.

பத்தொன்பது ஆண்டுகள் நீங்கள் எங்களோடு இருந்தீர்கள்.

கேட்க ஏதாவது இருந்தால் இரண்டாவது மாடிக்கு வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் அங்கே ஒருவர் உங்களுக்காக இருப்பார்.'

பத்தொன்பது ஆண்டு இருந்தவர் அந்த அலுவலகத்தில் ஒருவர்தான். இரண்டடி தள்ளி அவர் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சுற்றறிக்கை ஒன்றைத் தாழ்ந்த குரலில் படித்துக்கொண்டிருந்தார். நான் இந்தக் கடிதத்தை உதடு மட்டும் அசையப் படித்தேன். திக்கித் திக்கி. எங்கேயும் நிற்கவில்லை. எதையாவது மாற்ற வேண்டும் என்று தோன்றியது, எதையாவது, என் பங்குக்கு ஒரு சொல்லையாவது. 'வாருங்கள்' என்பதை 'வரலாம்' என்று மாற்றினேன். கட்டம் 'ஏன்?' என்று கேட்டது. என்னிடம் காரணம் இல்லை. மறுபடி 'வாருங்கள்' ஆக்கினேன். பச்சைக் குறியை அழுத்தினேன். அப்போது மணி பதினொன்று இருபது.

கடிதம் மறுநாள் காகிதத்தில் வந்தது. அக்கா கவரை அடிக்கோலால் ஒழுங்காகக் கிழித்தார். சட்டம் தன் கவரை அப்போது பிரிக்கவில்லை, சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அறையில் எல்லோரும் எதையோ செய்வதுபோல் இருந்தோம்.

அக்கா வேறெப்படியும் படித்ததில்லை. இதையும் அப்படித்தான் படித்தார். தாழ்ந்த குரலில், பத்து வயதுப் பிள்ளையைப்போல, எழுத்துக் கூட்டி. கடைசி வரி முடிந்ததும் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"இத யாரு பார்த்தது?"

"நான்தான்க்கா."

"மாத்தினியா?"

"இல்ல."

"ம்." காகிதத்தை மடித்தார். "உட்கார இடம் குடுத்திருக்கே. கையில பிடிச்சுக்கவும் ஒண்ணு குடுத்திருக்கே. இரண்டாவது மாடி, பத்து மணி."

"அக்கா, நான் வேணும்னு பண்ணலக்கா. வகுப்புக்காகத்தான்... பிழை பார்க்கறதுக்காகத்தான் அதுல போட்டேன்..."

"பிழை பார்க்கறதுக்கு என்கிட்ட குடுத்திருக்கலாமே?"

அவரிடம் காட்ட முடியாததற்குக் காரணம், அதில் எண்பத்து மூன்று இடத்தில் அவர் இல்லாமல் போயிருந்ததுதான். அதை நான் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சட்டம் தன் இடத்திலிருந்தே சொன்னார். "தவளை தன் வாயால கெடும்னு சொல்வாங்க. உன் விஷயத்துல தவளை ஒண்ணு, வாய் இன்னொண்ணு."

"நீங்க சும்மா இருங்க," என்றார் அக்கா. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மீதியிருந்த விடுப்பை அன்றே எடுத்துக்கொள்ளப் போகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவு வரை போனவர் திரும்பி வந்தார்.

"அதுல ஒரு இடம் தப்பா இருக்கு."

"எதுலக்கா?"

"கடிதத்துல. நான் பார்த்திருந்தா நிறுத்தியிருப்பேன்."

"எந்த இடம்க்கா?" என் கை, நான் சொல்லாமலே, நோட்டைத் தேடிப் போனது. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"சரியில்ல," என்றார் அக்கா. "அவ்வளவுதான்." போய்விட்டார்.

அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருந்தது. அன்று மதியம் ஒன்பது முறை படித்தேன். எண்ணினேன், அதனால் தெரியும். மாப்பிள்ளையிடமே கொடுத்துக் கேட்டேன். பிழை எதுவும் இல்லை, நடை இயல்பாகவும் பரிவோடும் இருக்கிறது என்றது. இல்லாத தப்பை அக்கா சொல்லியிருக்கலாம். எனக்கு விட்டுப்போவதற்கு அவரிடம் வேறு என்ன இருந்தது? இப்படியும் யோசித்தேன்.

சாயங்காலம் வீட்டில் அண்ணன் மகளிடம் காகிதத்தை நீட்டினேன். "இதக் கொஞ்சம் சத்தமாப் படி."

"வீட்டுப்பாடமா?"

"இல்ல. சும்மா படி."

அவள் தரையில் குப்புறப் படுத்தபடி படித்தாள். சில இடத்தில் விரலை வைத்துக்கொண்டாள். எங்கேயும் தடுக்கவில்லை. அண்ணி சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் போல, குழாயை மூடிவிட்டார்.

"இது யாருக்கு அத்தை?"

"ஆபீஸ்ல ஒரு அக்காவுக்கு."

"ஜாலிதான் அவங்களுக்கு. லீவு குடுத்திருக்காங்க." காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். "நான் போலாமா?"

மிகவும் மெதுவாக இறக்கி வைத்ததில், பாரம் வந்ததே கேட்பவருக்குத் தெரியாமல் போயிருந்தது. அக்கா எந்தக் கடிதத்திலும் அப்படிச் செய்ததில்லை. பாரத்தைத் தள்ளி வைப்பார், மறைக்க மாட்டார். இரண்டாம் பத்தியில் 'புற்றுநோய்' என்ற சொல் அப்படியேதான் இருக்கும். அது ஏன் என்று நான் கேட்டதேயில்லை. அதனால் அது நோட்டில் இல்லை. அவர் சொன்ன இடம் இதுதானா? இருக்கலாம். அவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று எண்ணை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை அந்த அறையில் நான் மட்டும் இருந்தேன். துப்புரவுப் பணியாள் அம்மா பதின்மூன்று மேசைகளைத் துடைத்துவிட்டு, என்னுடையதைத் துடைக்க எழுந்திருக்கச் சொன்னார். பத்தரை மணிக்கு வரிசையில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் நிறுவனத்துடையதுதான், வேறு ஊர்க் கிளைக்குப் போவது. பெயர் என்ற இடத்தில் 'பெயர்'. ஆறு ஆண்டுகள். எட்டு நாள் விடுப்பு மீதி. அதே அமைதி, அதே இடைவெளி, கடைசியில் ஒரு மாடி, ஒரு நேரம்.

இந்த ஆளின் வீட்டிலும் யாரோ குழந்தை இதைப் படித்துவிட்டு, லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லும். அதை நினைத்துக்கொண்டு என்னால் பச்சைக் குறியை அழுத்த முடியவில்லை. நடுவில் ஒரு வரி சேர்த்தேன். 'உங்களை வேலையிலிருந்து நீக்குகிறோம்.'

கட்டம் 'ஏன்?' என்று கேட்டது.

'சரியில்லை' என்று எழுதினேன். கட்டம் பச்சையாகவில்லை. சிறிய எழுத்தில் ஒரு வரி வந்தது: 'தயவுசெய்து விளக்கவும்.' போன வாரம்தான் அப்படி மாற்றியிருந்தார்கள். விளக்காவிட்டால் என் வரி போய்விடும், பழைய கடிதமே போகும்.

முகம் தெரியாத அந்த ஆளுக்கு நடந்தது என்னவென்று தெரிய வேண்டும். அதற்கு ஒரே வழி நான் விளக்குவது. விளக்கினால், அக்கா எடுத்துக்கொண்டு போன கடைசி ஒன்றும் இங்கே வந்துவிடும். அது அவருடையதுதானா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. பதினைந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எழுதினேன். முதலில் வேகமாக எழுதினேன். வாக்கியம் கோணலாக இருந்தது, திருத்தி எழுதினேன். பாரத்தைத் தள்ளி வைக்கலாம், மறைக்கக் கூடாது. என்ன நடந்தது என்பது, படிக்கும் குழந்தைக்கும் தெரிய வேண்டும். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். தெளிவாக இருந்தது.

கட்டம் பச்சையானது. அடுத்த கடிதத்தில் அந்த வரி ஏற்கெனவே இருந்தது.